மறுபக்கத்து நண்பகல்

அமாவாசையன்று நிலவு இல்லை என்கிறோம். நிலவு இருக்கிறது. அன்று அது சூரியனோடு உதித்து, சூரியனோடு உச்சிக்கு வந்து, சூரியனோடு மேற்கே இறங்குகிறது. பகல் முழுக்க நம் தலைக்கு மேலேதான் நடக்கிறது. வெயிலெல்லாம் அதன் முதுகில் விழுவதால் நம் பக்கம் காட்ட ஒளி இல்லை. பூமியில் நின்று யாரும் பார்க்க முடியாத அந்த முதுகுப்புறம் முழுதும் ஒளியில் நனைவது மாதத்தில் இந்த ஒரு நாள்தான்.

பாஸ்கராச்சாரியார் 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் பித்ருக்களைக் குடிவைத்திருக்கும் இடம் அதுதான். நிலவின் மேற்புறம், நாம் காணாத புறம். நமக்கு ஒரு மாதம் கழிந்தால் அங்கே ஒரு நாள் கழிகிறது. தேய்பிறை அஷ்டமியில் அவர்களுக்குப் பொழுது விடிகிறது. வளர்பிறை அஷ்டமியில் பொழுது சாய்கிறது. இரண்டுக்கும் நடுவே, அமாவாசையில், சூரியன் அவர்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை நாம் போடும் இலை அவர்கள் கணக்கில் அன்றாட மத்தியானச் சாப்பாடு. இறந்தவர்களை எப்போதாவது நினைத்துக்கொள்கிறோம் என்ற குற்ற உணர்வுக்கே அங்கே இடமில்லை. தினமும்தான் சோறு போடுகிறோம்.

பித்ருக்கள் அங்கே வசிக்கிறார்களா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. வடிவக் கணிதம் சரி என்பதை மட்டும் சொல்கிறேன். தாங்கள் பார்த்திராத, பார்க்கவே முடியாத ஓர் இடத்தில் எப்போது நண்பகல் என்று கணக்குப் போட்டு, அந்த நேரம் பார்த்து இலை போட்டிருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய அன்பு எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை. 1959-ஆம் ஆண்டு மகாளய அமாவாசை அக்டோபர் 2-இல் வந்தது. ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 7-இல், சோவியத் விண்கலமான லூனா 3 நிலவின் பின்பக்கத்தை முதன்முதலாகப் படம் எடுத்தது. அமாவாசை முடிந்த கையோடு போனதால் அங்கே பெரும்பகுதியில் இன்னும் வெயில் இருந்தது. அதனால்தான் படம் விழுந்தது.

சூரியனும் சந்திரனும் ஒரே திக்கில் கூடுவதுதான் அமாவாசை என்பது நம் கூத்து மேடைகளுக்கும் நன்றாகத் தெரியும். பாரதக் கதையை இங்கே சொல்லும் விதத்தில், களப்பலிக்கு உகந்த நாள் அமாவாசை என்று சகாதேவன் துரியோதனனுக்கே குறித்துக் கொடுத்துவிடுகிறான். சாத்திரம் அறிந்தவன், எதிரிக்கும் பொய் சொல்லமாட்டான். கண்ணன் என்ன செய்கிறான்? ஒரு நாள் முன்னதாக, சதுர்த்தசியிலேயே, ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் செய்யத் தொடங்குகிறான். அதைப் பார்த்த மற்றவர்களும் இன்றுதான் போலிருக்கிறது என்று இறங்குகிறார்கள். குழம்பிப்போன சூரியனும் சந்திரனும் நியாயம் கேட்கச் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் நாள்தானே அமாவாசை, இதோ சேர்ந்து வந்திருக்கிறீர்களே என்கிறான் கண்ணன். நாள் மாறிவிட்டது. அன்றே பாண்டவர் பக்கம் களப்பலி நடக்கிறது. சிறுவயதில் இதைக் கேட்டபோது கண்ணனின் சாமர்த்தியம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது பலியான அரவான்தான் முன்னால் வந்து நிற்கிறான். நாளைக் குறித்தவர்கள் பெரியவர்கள். கழுத்தைக் கொடுத்தது ஒரு பிள்ளை.

சூரியனும் சந்திரனும் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு சூரிய கிரகணத்தில் மட்டும் கிடைக்கிறது. 2010 ஜனவரி 15 தை அமாவாசை. அன்று மதியம் தனுஷ்கோடி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் வழியாகக் கங்கண கிரகணம் சென்றது. தனுஷ்கோடியில் சூரியன் ஏறக்குறைய பத்து நிமிடம் ஒரு வளையமாக நின்றது. வளையத்தின் நடுவில் கறுப்பாகத் தெரிந்ததே, அதுதான் அமாவாசை நிலவு. நாம் பார்த்தது அதன் நிழல்முகம். அந்த நேரத்தில் அதன் மறுமுகத்தில் உச்சி வெயில். சேதுக்கரைக் கடலும், கிரகணம் கடந்த பாதையும், முன்னோருக்கான நாளும் அன்று ஒன்றாகக் கூடியிருந்தன.

அமாவாசையை ஒரு நாளாகக் கைக்கொள்வது அவ்வளவு எளிதில்லை. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் பன்னிரண்டு பாகை விலகும் நேரம். நிலவின் வேகம் ஒரே சீராக இல்லாததால் அது சில மாதம் இருபது மணி நேரத்தில் முடியும், சில மாதம் இருபத்தாறு மணி வரை இழுக்கும். நடுராத்திரியிலும் தொடங்கும், பிற்பகலிலும் தொடங்கும். தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் திதி இருக்கவேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். ஆகவே மாதாமாதம் முதல் நாள் இரவு வீடுகளில் தொலைபேசி மணி அடிக்கிறது. “நாளைக்கா, நாளன்னைக்கா? அங்க என்ன சொல்றாங்க?” என் சித்தி இதைக் கேட்பதற்காகவே எல்லோரையும் கூப்பிடுவார். பதில் தினத்தாள் காலண்டரிலேயே, தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டமாக, அச்சாகியிருக்கும். அது அவருக்கும் தெரியும். யார் வீட்டில் யார் செய்கிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் இன்னும் விட்டுவிடாமல் இருக்கிறார்கள் என்ற விசாரிப்பு அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஒழுங்காகச் செய்பவர்களுக்கு ஆண்டுக்குத் தொண்ணூற்றாறு தர்ப்பணம் என்று கணக்கு. அமாவாசை பன்னிரண்டு, மாதப் பிறப்பு பன்னிரண்டு, மகாளயம் பதினாறு என்று போகும் பட்டியல். பெரும்பாலான வீடுகளில் மற்றவை எல்லாம் உதிர்ந்து அமாவாசை மட்டும் நிலைத்திருக்கிறது. அதிலும் பலருக்கு ஆடி, புரட்டாசி, தை என்று மூன்று. குறைந்துகொண்டே வருகிறது என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மூன்று நாட்களில் திருச்சி அம்மாமண்டபப் படித்துறையில் போய் நின்று பார்க்கவேண்டும். விடியுமுன்பே அகத்திக்கீரைக் கட்டுகளோடு பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். பேருந்து பேருந்தாகச் சனம் இறங்கும். பூணூல் போட்டவர், போடாதவர், பஞ்சகச்சம், கைலி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டவர். காவிரியில் தண்ணீர் போனால் ஆற்றில். போகாத ஆண்டுகளில் குழாயடியில்.

ஓர் ஆடி அமாவாசையன்று படிக்கட்டில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு படி கீழே ஒருவர் புரோகிதர் முன்னால் சம்மணமிட்டிருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். உள்ளங்கை ஈரத்தில் கறுப்பு எள் ஒட்டிக்கொண்டு உதிராமல் இருந்தது.

“அப்பா பேரு?”

சொன்னார்.

“அவங்க அப்பா?”

சொன்னார்.

“அவருக்கும் அப்பா?”

கொஞ்சம் யோசித்து அதையும் சொன்னார்.

“அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க சாமி.”

“நல்லா இருக்கட்டும். அப்ப, அப்பாவோட அம்மா பேரு?”

அப்பாயி பேரைச் சொல்லிவிட்டார். அப்பாயிக்கு மாமியார் பேரு என்ன என்றபோதுதான் நின்றுவிட்டார்.

“பூட்டின்னுதான் சொல்லுவோம் சாமி. பேரு...”

“தெரியலன்னா பரவால்ல. மனசுல நெனச்சுக்குங்க.”

புரோகிதர் சொன்னது வழக்கமான சலுகைதான். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்றோ காசியப கோத்திரம் என்றோ சொல்லி நடத்திவிடுவார்கள். பெயர் தெரியாததற்காக ஆற்றங்கரையிலிருந்து யாரையும் எழுப்பி அனுப்புவதில்லை. ஆனால் அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஈரக்கையை வேட்டியில் துடைத்து, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார்.

“அத்தே, நாந்தான். ஆத்துலதான் ஒக்காந்திருக்கேன். நம்ம தாத்தாவோட ஆத்தா பேரு என்னத்தே?”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும். “தண்ணி விடத்தான்” என்றார். பிறகு வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர் மட்டும் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. அந்த அம்மாள் பூட்டியின் கதை ஏதோ சொல்லியிருக்கவேண்டும். புரோகிதர் அவசரப்படுத்தவில்லை. செம்பை நகர்த்தி வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முறைக்குக் காத்திருந்தவர்களும் சும்மா இருந்தார்கள். அவர் செல்போனை வைத்துவிட்டு ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவர்கள் வீட்டுப் பெயர். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சரித்து, மூன்று முறை எள்ளும் நீரும் விட்டார்.

அந்தப் பூட்டி இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட யாரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் புகைப்படம் இருந்திருக்காது, பத்திரத்தில் பெயர் இருந்திருக்காது. ஆற்றங்கரையில் ஒருவர் கேட்டதால், ஓர் அத்தையின் நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்தது. துக்கத்தை யாரும் நாள் குறித்து வரவழைக்க முடியாது. பூட்டிக்காக அவருக்குத் துக்கம் இருந்திருக்கவும் நியாயமில்லை. அமாவாசை துக்கத்தைக் கேட்பதில்லை. பெயரைக் கேட்கிறது. அதனால்தான் இந்த நாளின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு. அன்பு அலையடிக்கும்போது மட்டும் நினைத்துக்கொள் என்று விட்டால், மூன்றாம் தலைமுறையில் எல்லோரும் கரைந்துவிடுவோம்.

மூன்று தலைமுறைதான் கணக்கு. வசு, ருத்திரர், ஆதித்தியர் என்று படி ஏறி, நான்காவதாகப் போனவர் பெயரில்லாத முன்னோர் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். மகன் ஆற்றில் இறங்கும் நாளில் ஒருவர் வந்து சேர, மேலே ஒருவர் விடைபெறுகிறார். எல்லோரையும் எப்போதைக்கும் சுமக்கச் சொல்லாததும் இந்த ஏற்பாட்டின் கருணைதான்.

பெயர்களைக் காத்துவைத்திருப்பது அத்தைகளும் பெரியம்மாக்களும். கரையில் அமர்வது ஆண்கள். இது எனக்கு உறுத்தாமல் இல்லை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. அப்பா போனபின் அம்மா அமாவாசைதோறும் தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போடாமல், வெங்காயம் பூண்டு சேர்க்காமல் சமைத்தார். வாழைக்காய், அவரை, பரங்கி, பாசிப்பருப்பு, பாயசம். அப்பாவுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கை மட்டும் பட்டியலுக்கு வெளியே சேர்த்துக்கொள்வார். படத்துக்கு முன்னால் இலை போட்டு, காகத்துக்கு ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். இப்போது நான் போகிறேன். மந்திரம் இல்லை, தர்ப்பை இல்லை. பெயர்களை மட்டும் சொல்கிறேன். அப்பா, அம்மா, அப்பாயி, அம்மாச்சி, அவர்களுக்கு மேலே தெரிந்தவரை. சுமங்கலி இதெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லிப்பார்த்த பெரியவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பிள்ளைப்பேறு இல்லாமல் போன என் பெரியத்தையை வேறு யார் பெயர் சொல்லி அழைப்பார்கள்? குறள் இல்வாழ்வானின் கடமைகளில் தென்புலத்தாரை முதலில் வைக்கிறது. கடமை என்று வந்தபின் மகனா மகளா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

அமாவாசைக்கு இன்னொரு முகமும் உண்டு. மேல்மலையனூரில் நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சலாடுகிறாள். ஆயிரக்கணக்கானவர்கள் கற்பூரம் ஏந்தி நிற்கிறார்கள். கடை வாசல்களில் குங்குமம் நிறைத்த பூசணி உடைகிறது. திருஷ்டி, பில்லி, காத்துக்கருப்பு. அந்த அச்சம் பழையது, ஆழமானது. அதை எழுதத் தகுந்தவர்கள் வேறு. நான் ஆற்றங்கரைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே இன்னும் ஒரு கை நீர் பாக்கி இருக்கிறது.

தர்ப்பணத்தின் கடைசியில், தன் குலத்துக்கெல்லாம் விட்டு முடித்தபின், பவித்திரத்தைக் கழற்றும் முன்பாக, ஒரு கை நீர் விடச் சொல்வார்கள். தாய் இல்லாதவர், தகப்பன் இல்லாதவர், உறவோ நட்போ யாரும் இல்லாமல் போனவர், அவர்கள் எல்லோருக்கும் அது. பெயர் கேட்டுக் கேட்டு வந்த சடங்கு, இங்கே மட்டும் பெயர் கேட்பதில்லை. சாலையோரம் செத்துக் கிடந்தவர், அரசு மருத்துவமனைப் பிணவறையில் யாரும் கேட்காமல் கிடந்தவர், பஞ்சத்தில் மண்டபங்களில் முடிந்துபோனவர், எல்லோரும் அந்த ஒரு கையில் வந்துவிடுகிறார்கள். இறந்த திதி தெரியாதவர்களுக்கும் அமாவாசையே திதி. தேதி தெரியாதா, ஆள் தெரியாதா, பாதகமில்லை, எங்களிடம் வாருங்கள் என்று இந்த நாள் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. யாரையும் விட்டுவிடாத சடங்கு என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

கீரிமலையைப் பற்றிக் கேட்டபின் அப்படிச் சொல்ல முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் பிடிப்பார்கள். ஆடி அமாவாசையன்று கசக்கும் காத்தோட்டிக்காயைச் சமையலில் சேர்ப்பது அங்குள்ள வழக்கம். முதல் நாள் சந்தையில் அதற்கு விலை ஏறிவிடும். நகுலேசுவரத்தின் பக்கத்தில், கடலோரமாக, நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியில் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் செய்துவிட்டு வந்து விரதம் முடிப்பார்கள். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கிக்கிடந்தது. கடன் செய்ய வேண்டியவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் எந்த நீர் கிடைத்ததோ அதில் இறங்கினார்கள். போர் முடிந்தபின் கேணிக்கு மீண்டும் சனம் வருகிறது.

வராமல் இருப்பவர்களும் உண்டு. போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் கணவரை, மகனை, மகளைத் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்ததாகப் பல குடும்பங்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அதற்கு முன்பே வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்களுடைய தாய்மார் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம், இழப்பீடு தருகிறோம் என்று அரசு சொன்னபோது வேண்டாம் என்றவர்கள் பலர். அந்தக் குடும்பங்களில் ஆடி அமாவாசை என்ன செய்யும்? மகன் நீர் விட்டால் தகப்பன் செத்துப்போனான் என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த இலையை எந்தத் தாயாலும் போட முடியாது. போடாவிட்டால், ஒருவேளை அவன் போயிருந்தால், பசியோடு இருப்பானே என்ற நினைப்பும் அவளை விடாது.

சாத்திரத்தில் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டும். அதன்பிறகும் வரவில்லை என்றால் தர்ப்பையில் உருவம் செய்து, எரித்து, மற்றச் சடங்குகளைத் தொடங்கலாம். 2009-லிருந்து எண்ணினால் அந்தக் காத்திருப்பு 2021-இலேயே முடிந்துவிட்டது. தாய்மார் எழுந்து போகவில்லை. சாத்திரத்தை அவர்கள் மீறவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த விதி, கடலுக்கோ காசிக்கோ போய்த் திரும்பாதவனுக்காக எழுதப்பட்டது. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் அடிப்படை. இங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கையில் வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆள் இருக்கிறானா இல்லையா என்பது தாய்க்குத்தான் மறைந்திருக்கிறது. கொண்டுபோனவர்களுக்கு அது பட்டப்பகல்.

யாருமற்றவர்களுக்கு என்று விடும் அந்தக் கடைசிக் கை நீரில் இவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. பிறகு சேர்க்க மனம் வரவில்லை. அது தாயும் தகப்பனும் இல்லாதவர்களுக்கு. இந்தப் பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் கேட்டால் அவள் யாருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டியதில்லை. வயது, பள்ளிக்கூடம், அன்று உடுத்தியிருந்த சட்டையின் நிறம், ஒப்படைத்த கிழமை, நேரம் எல்லாம் சொல்வாள். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு மட்டும் அவளிடம் விடை இல்லை. அதைச் சொல்லவேண்டியது அரசு.